ஸ்ட்ரிங்கிஃபை எதையும் அழிப்பதில்லை

‘ஜாவாஸ்கிரிப்டில் எரர் ஆப்ஜெக்டை (பிழையின் விவரங்களை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) ஜேசனாக (தரவை உரையாக எழுதும் வடிவம்) மாற்றினால் மெசேஜ் அழிந்துபோகும், அதனால்தான் வெறும் {} வருகிறது’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அழிவதில்லை. மெசேஜ் அந்த ஆப்ஜெக்டில்தான் இருக்கிறது. ஆனால் அது எண்யூமரபிள் அல்லாத பண்பு, அதாவது பண்புகளை வரிசையாக எடுக்கும்போது கணக்கில் வராதது, என்பதால் ஜேசனாக மாற்றும் ஸ்ட்ரிங்கிஃபை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. 2022 தரநிலையில் வந்த ‘காஸ்’ (இந்தப் பிழைக்கு மூல காரணம்) பண்புக்கும் இதே கதிதான். ‘நேம்’ பொதுவாக அந்த ஆப்ஜெக்டில் இல்லாமல் புரோட்டோடைப்பில் (அது பண்புகளைப் பெறும் மூல ஆப்ஜெக்ட்) இருப்பதால் அதுவும் வராது. தேவையானவற்றை நீங்களே பெயர் சொல்லி எடுத்து எழுதுங்கள். சொந்த எரர் கிளாஸ் என்றால் அதில் ஒரு டுஜேசன் மெத்தட் (எதை ஜேசனில் எழுத வேண்டும் என்று ஸ்ட்ரிங்கிஃபைக்குச் சொல்வது) போதும்.

அப்புறம், அந்த ஜேசனைப் பார்ஸ் செய்தால் (மீண்டும் ஆப்ஜெக்டாக மாற்றினால்) பழைய எரர் திரும்ப வந்துவிடும் என்பதும் சரியில்லை. கிடைப்பது சாதாரண ஆப்ஜெக்ட். ‘இது எரர் வகையா’ என்று பார்க்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனையில் தோற்கும். புதிய எரரை உருவாக்கி, மதிப்புகளை அதில் நிரப்ப வேண்டும். ஸ்டாக்கை (பிழை எந்தக் கோப்பில், எந்த வரியில் வந்தது என்ற பட்டியல்) மட்டும் தயவுசெய்து பயனருக்குப் போகும் பதிலில் சேர்க்காதீர்கள், சர்வரின் கோப்புப் பாதைகள் வெளியே தெரிந்துவிடும்.