அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய கணக்குத்தாள்

மாளவிகா ஐயர் பற்றிய பதிவு மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கடைசி வரி: "கை இல்லாதவரே சாதிக்கும்போது நமக்கு என்ன குறை?" படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கும்பகோணத்தில் பிறந்து, ராஜஸ்தானின் பிகானேரில் வளர்ந்தவர். 2002 மே மாதம், வயது 13. கிழிந்த ஜீன்ஸ் பாக்கெட்டைப் பசை தடவி ஒட்டிவிட்டு, மேலே வைத்து அழுத்தக் கனமாக ஏதாவது தேடியிருக்கிறார். கையில் கிடைத்தது, வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்தபோது சிதறி வந்து கிடந்த குண்டு. இரண்டு கைகளும் போயின, கால்கள் நொறுங்கின. சென்னையில் நீண்ட சிகிச்சை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தபோது தனித்தேர்வராக எழுதத் துணிந்தார். 500க்கு 483.

அந்த 483-ஐ எல்லோரும் சொல்கிறோம். அவர் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதினாரே, அதை யாரும் சொல்வதில்லை.

நான் தமிழாசிரியை. கரும்புச்சாறு மெஷினில் வலது கையைப் பறிகொடுத்த ஒரு பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' பணி செய்தேன். கணக்குத் தாள். "ரூட் எக்ஸ் கூட்டல் மூணு" என்றாள், எழுதினேன். எட்டிப் பார்த்து, "மூணும் ரூட்டுக்குள்ள வரணும் மிஸ்" என்றாள். அடித்துவிட்டு, கோட்டை நீட்டிப் போட்டேன். விடை முழுக்க அவள் மனசுக்குள் இருக்கிறது, தாளில் இறக்க என் கைக்காக அவள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வரைபடம் போடும்போது "இன்னும் ஒரு கட்டம் மேல மிஸ்" என்று அவள் முகவாயால் காட்டினாள். அன்று எனக்குத்தான் கை நடுங்கியது.

மாளவிகா அதோடு நிற்கவில்லை. வலக்கை முனையில் சதை மூடாமல் துருத்தி நின்ற எலும்பையே விரலாக வைத்து, முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தார். அந்த ஆய்வே மாற்றுத்திறனாளிகளை இந்தச் சமூகம் ஒதுக்கிப் பார்ப்பதைப் பற்றியதுதான். 2018-இல் குடியரசுத் தலைவர் கையால், பெண்களுக்கான நாரி சக்தி விருது. தன்னைப் பார்த்து மற்றவர்கள் ஆறுதல் அடைவதற்காகவா இவ்வளவும் செய்தார்? நம் பார்வையைத் திருத்தத்தானே!

ஆசிரியத் தோழமைகளே, வரும் தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' பணிக்கான ஆணை உங்களுக்கு வந்தால் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். முடிந்தால் கொஞ்சம் முன்னாடியே போய் அந்தப் பிள்ளையைப் பாருங்கள். பின்னத்தை எப்படிச் சொல்வாள், அடைப்புக்குறியை எப்படிச் சொல்வாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.