உபரிச் சேவல் என்றால் ஓசிச் சேவலா?

ஏழு. பொரித்த பதினொரு குஞ்சில் ஏழு சேவல். பாதிக்குப் பாதி வரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கணக்கு ஆயிரம் முட்டை வைப்பவருக்குச் சரியாக வரும், ஒரு அடைக்குப் பன்னிரண்டு முட்டை வைக்கிற எனக்கு எப்படி வேண்டுமானாலும் வரும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. கூர் முட்டையில் சேவல் வரும், உருண்டை முட்டையில் பெட்டை வரும் என்று ஒருவர் அடித்துச் சொன்னதை நம்பி உருண்டையாகவே பொறுக்கி வைத்தேன். அதிலேதான் இந்த ஏழும்! (பறவை இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்து வருகிறது, மனிதர்களுக்கு நேர்மாறு. ஆகவே என் பெரிய சேவலைத் திட்டியும் பிரயோசனமில்லை.)

சரி, வந்தது வந்துவிட்டது, விற்றுவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் வயிற்றெரிச்சல் ஆரம்பிக்கிறது. என்ன விலை சொல்வது? வெடைக்கோழிக்கு இந்தத் தொல்லை கிடையாது. முட்டையிடப் போகிறது என்று தெரிந்தால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பத்திரமாகப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறார்கள். சேவல் என்று சொன்னதும் அதே ஆளின் குரல் மாறிவிடுகிறது. "அதை வெச்சு நீங்க என்னக்கா பண்ணப் போறீங்க? எப்படியும் தள்ளித்தானே ஆகணும்?" ஆமாம், தள்ளித்தான் ஆகவேண்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளமாகப் போதும், எனக்கு இருப்பதே ஒன்பது பெட்டை. எனக்கு வேண்டாம் என்பதற்காக அதற்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடுமா? ஆனால் என் அவசரம் வாங்க வருகிறவருக்குத் தெரிந்துபோகிறது. அதற்கப்புறம் பேரம் என் கையில் இல்லை.

முன்னாடியே விற்றிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொரித்த அன்றைக்கே குஞ்சின் பின்பக்கத்தைப் பார்த்து இனம் சொல்ல அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் வேண்டும். நமக்கெல்லாம் ஆறு வாரமாவது ஆகவேண்டும், அப்போதுதான் சிலதுக்குக் கொண்டை சிவந்து தடித்து, காலும் கொஞ்சம் பருத்துத் தெரியும். அப்போதும் சந்தேகம்தான். நான் "ராணி" என்று பெயர் வைத்துத் தனியாகக் கவனித்த ஒன்று மூன்றாம் மாதம் கூரைமேல் ஏறி நின்று கூவியது. கழுத்திலும் இடுப்பிலும் கூரான பளபளப்பு இறகு இறங்கிய பிறகுதான் நிச்சயமாகிறது, அதற்குள் தீவனம் மூட்டை மூட்டையாக உள்ளே போயிருக்கும்.

அந்தத் தீவனக் கணக்கை ஒருநாள் உட்கார்ந்து போட்டேன், போடாமலே இருந்திருக்கலாம். ஐந்து மாதத்துக்கு ஒரு சேவல் எட்டு கிலோவாவது தின்கிறது. அப்போது அதன் உயிர் எடை இரண்டு கிலோ. ஆக ஒரு கிலோ சேவலுக்கு நாலு கிலோ தீவனம். கறிக்கென்றே வளர்க்கும் பிராய்லர் ஆறு வாரத்துக்குள் அதே இரண்டு கிலோவைத் தொட்டுவிடும், அதுவும் கிலோவுக்கு இரண்டு கிலோகூட முழுசாகத் தின்னாமல். இப்போது வாங்க வருகிறவர் எதை வைத்து என்னிடம் விலை பேசுகிறார்? கடையில் தொங்கும் பிராய்லர் விலையை வைத்து! அந்த விலைக்குக் கொடுத்தால் தீவனக் காசே ஒழுங்காகத் திரும்பி வராது. நான் கூண்டு கழுவினது, மருந்து கொடுத்தது, மழை ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடினது எல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

சரி, நல்ல விலை வரும்வரை பிடித்து வைக்கலாம் என்றால் அது இதைவிட முட்டாள்தனம், நான் செய்தேன், அதனால் சொல்கிறேன். வளர்ந்த சேவல் ஒரு நாளைக்குச் சுமார் நூற்றிருபது கிராம் தின்னும். ஏழுக்கும் சேர்த்தால் வாரத்துக்கு ஆறு கிலோ. எடை என்ன ஏறுகிறது? ஒன்றும் பெரிதாக இல்லை, வளர்த்தி நின்றுபோனது, கறிதான் முற்றுகிறது. அதாவது நான் விலையில் பிடிவாதம் பிடித்த மூன்று வாரத்தில், அந்தப் பிடிவாதத்தையும் சேவலே தின்று தீர்த்துவிட்டது. இதற்கு நடுவில் ஒன்றையொன்று கொத்திக் கொண்டையில் ரத்தம், பெட்டைகளை மிதித்து மிதித்து முதுகு இறகே போய்த் தோல் தெரிகிறது, விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே ஏழும் முறைவைத்துக் கூவுகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்க்கிற பார்வை சரியில்லை.

எடை போடும் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் வந்தார், எடைக்குத்தான் எடுப்பேன் என்றார், நியாயம்தான் என்று நானும் சேவலைச் சாக்கில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். உள்ளே அது உதைக்கிற உதையில் முள் ஒன்றேமுக்காலுக்கும் இரண்டே காலுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. அவர் ஒன்றேமுக்கால் என்கிறார், நான் இரண்டு என்கிறேன். கொஞ்சம் பொறுத்தால் அதுவே அடங்கிவிடும், இருட்டில் கோழி சும்மா இருக்கும். அடங்கியது. இரண்டு. உடனே அவர், "சாக்கு எடையைக் கழிங்க" என்றார். கழித்தேன். "காலையில தீனி போட்டுட்டீங்களா?" என்று அடுத்த கேள்வி. இரைப்பையில் இருக்கிற தீனிக்கும் நான் காசு வாங்குகிறேனாம்! கடைசியில், உரித்தால் முக்கால்வாசிகூடத் தேறாது, ஆகவே கறி எடைக்குத்தான் காசு, ஆனால் உயிர்க்கோழி விலைதான் போடுவேன் என்று ஆரம்பித்தார் பாருங்கள், அப்போது சாக்கை அவிழ்த்துச் சேவலைக் கூட்டுக்குள்ளேயே விட்டுவிட்டேன். தோற்றது யார் என்று எனக்கே தெரியவில்லை.

வெறுத்துப்போய், ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. விலை சொன்னபோது வராத கூட்டமெல்லாம் வந்தது. நாலு பேர் "இதோ கிளம்பிட்டேன்" என்றார்கள், நாலு பேரும் வரவில்லை, நான் சேவலைப் பிடித்துக் கட்டி வைத்துச் சாயங்காலம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் "கொண்டுவந்து குடுத்துடுவீங்களாக்கா?" என்றார். இன்னொருவர் சண்டைக்கு ஆகுமா என்று கேட்டார், போனை வைத்துவிட்டேன். சின்னதாகவாவது ஒரு விலை இருந்தால்தான், வருகிறேன் என்பவர் வருகிறார்.

இன்னொரு பக்கம், இவ்வளவு பாசமாக வளர்த்ததை விற்பதா என்று எனக்குப் பாடம் எடுக்கிறவர்கள். அவர்கள் வாங்கும் முட்டை எங்கிருந்து வருகிறது? முட்டைக்கென்றே வளர்க்கும் ரகத்தில் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறியும் ஏறாது, அதனால் உலகம் முழுக்கப் பெரிய பொரிப்பகங்களில் பொரித்த அன்றைக்கே அதைக் கொன்றுவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. ஜெர்மனியில் 2022 முதல் அதற்குச் சட்டப்படி தடை, மற்ற பல இடங்களில் இன்னும் நடக்கிறது. என் சேவல்கள் ஐந்து மாதம் மண்ணைக் கிளறி, வெயில் காய்ந்து, என் கீரைப்பாத்தியை நாசம் செய்து வாழ்ந்திருக்கின்றன. என்னிடம் வந்து பேசாதீர்கள்.

ஆக இனிமேல் என் கணக்கு இதுதான். சேவல் என்று நிச்சயமானதும் மூன்றாம் மாதத்திலேயே விலை சொல்லிவிடுவேன், அப்போது பாதித் தீவனம்தான் செலவாகியிருக்கும், கறியும் இளசு. அதுவரை தின்ற தீவனத்தின் விலை, மேலே கொஞ்சம், அவ்வளவுதான். இரண்டு வாரம் பார்ப்பேன், அதற்குள் போகவில்லை என்றால் மேலே கேட்ட கொஞ்சத்தை விட்டுவிடுவேன், அசலை விடமாட்டேன். அதற்கும் போகாததை நாங்களே பார்த்துக்கொள்வோம். வீட்டுக்காரர் "முதல்லயே இதைத்தானே சொன்னேன்" என்கிறார், அவர் சொல்லவே இல்லை.

இப்போது மிச்சம் இருப்பது மூன்று. ராணியும் அதில் ஒன்று. இன்று காலை தீனி வைப்பதற்கு முன்பே எடை போட்டு, சாக்கு எடையையும் கழித்து எழுதி வைத்திருக்கிறேன்.

யாரும் கேட்க வேண்டாம்.