வி8 வருவதற்கு முன்பே ஹாட் ராட் இருந்தது

"ஃபோர்டு வி8 வந்த பிறகுதான் ஹாட் ராட் பிறந்தது, நாலு சிலிண்டர் எல்லாம் சும்மா பழைய கார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஹாட் ராட் என்றால் வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார், வி8 என்றால் எட்டு சிலிண்டர் எஞ்சின். அவர் சொல்லும் வரிசை தலைகீழ். வி8 வந்தது 1932இல். அதற்கு முன்பே கலிபோர்னியாவின் முரோக் வறண்ட ஏரியில் பையன்கள் ஃபோர்டின் நாலு சிலிண்டர் மாடல் டி, மாடல் ஏ வண்டிகளின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாட் ராட் என்ற பெயர்தான் பின்னால் வந்தது. பவரை ஏற்ற மாட்டும் வின்ஃபீல்டு கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட், ரைலியின் ஓவர்ஹெட் வால்வ் ஹெட் (வால்வுகள் மேலே அமைந்த சிலிண்டர் மூடி) எல்லாம் நாலு சிலிண்டருக்காக வந்த சாமான்கள்தான்.

அப்புறம், பவரை ஏற்ற "ஹை கம்ப்ரெஷன் ஹெட் (எரிகலவையை இன்னும் இறுக்கி அழுத்த வைக்கும் சிலிண்டர் மூடி) மாட்டினால் போதும்" என்பதை நம்பி யாரும் காசைக் கரியாக்க வேண்டாம். மாடல் ஏ எஞ்சின் 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன், கம்ப்ரெஷன் விகிதம் வெறும் 4.22:1. பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்குப் பிரஷரில் ஆயில் போகாது, தெறிக்கிற ஆயில்தான், பேரிங்கும் உருக்கி ஊற்றிய பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவை. அதைக் கவனிக்காமல் பவரை மட்டும் ஏற்றினால் முதலில் போவது அதுதான். 1932இன் மாடல் பி எஞ்சின் கிடைத்தால் விடாதீர்கள், 50 குதிரைத்திறன், கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குக்காவது பிரஷர் ஆயில் உண்டு.