பைப் மேலே இருந்தால் தண்ணீரும் மேலிருந்துதான் வருமா?

மீன்தொட்டிக்கு வெளியே வைத்து அதன் நீரைச் சுத்தம் செய்யும் மூடிய டப்பாவான கேனிஸ்டர் ஃபில்டரின் மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது மேல் தட்டு என்பதனாலேயே, தொட்டியிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீரும் முதலில் அந்தத் தட்டில்தான் விழும் என்று முடிவு கட்டிவிடுகிற அறிவாளிகளிடம் சிக்கி, நான் ஏழு கோல்டு ஃபிஷ்களை இழந்திருக்கிறேன்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போய், அங்கே ஒரு மீன் கடையில் என் நான்கடித் தொட்டிக்காக மூன்று தட்டு கேனிஸ்டர் ஒன்றை வாங்கினேன். எந்தத் தட்டில் எதை வைப்பது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. மங்கலான படம் ஒன்று இருந்தது. அதில் அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்படும். கடையிலிருந்த தம்பியே அடுக்கிக் கொடுத்தார்: மேல் தட்டில் பெரிய துளை ஸ்பாஞ்ச், நடுவில் செராமிக் ரிங், அடித்தட்டில் வெள்ளைப் பஞ்சும் கார்பன் பையும். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் வெச்சுத் தர்றோம்" என்றார். எல்லாருக்குமாம்! அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தொட்டியின் தலைமேல் உட்காரும் பெட்டி ஃபில்டரில் இந்த வரிசை சரிதான், ஏனென்றால் அங்கே தண்ணீர் மேலே கொட்டிக் கீழே வடிகிறது. மணலும் கரியும் போட்டுப் பானைமேல் பானை வைத்து வடிகட்டிய நம் வீட்டுப் பெரியவர்களும் அந்தத் திசையைத்தான் நம்பினார்கள். ஆனால் பெரும்பாலான கேனிஸ்டர்களில், குழாய் வழியாக உள்ளே வரும் தண்ணீர் ஓரமாகவோ தனிக் குழல் வழியாகவோ நேரே அடிக்குப் போய், அங்கிருந்து தட்டுத் தட்டாக மேலேறி, தலைப்பகுதியில் இருக்கும் மோட்டார் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. ஆகவே கழிவையும் இலைத்துணுக்கையும் பிடிக்கிற பெரிய துளை ஸ்பாஞ்ச் அடியிலும், பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் ரிங் நடுவிலும், மிச்சமிருக்கும் தூசியைத் தடுக்கும் பஞ்சு உச்சியிலும் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டமா வேண்டும்? தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே போதுமே!

இரண்டு வாரத்தில் தண்ணீரின் வேகம் நூல் போல இளைத்துவிட்டது. திறந்து பார்த்தால், மெல்லிய பஞ்சு முழு அழுக்கையும் தானே வாங்கிக்கொண்டு களிமண் அடைபோல இறுகிக் கிடந்தது. கார்பன் பையைச் சுற்றி வழுவழுப்பான சேறு படிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று அழுக்கைத் தாங்கியிருக்க வேண்டிய ஸ்பாஞ்சோ, மேல் தட்டில் சொகுசாக, கடையில் வாங்கிய நிறம் மாறாமல் உட்கார்ந்திருந்தது. (அந்தக் கார்பனே எனக்குத் தேவையில்லாதது. மருந்தையோ நிறத்தையோ நாற்றத்தையோ நீரிலிருந்து எடுக்க வேண்டிய நாளில் போட்டால் போதும். மாதாமாதம் விற்கிறவருக்குத்தான் அது தேவை.)

கடைக்குத் தொலைபேசி செய்து கேட்டபோது வந்த அறிவுரை அதைவிட மோசம்: "எல்லாத்தையும் குழாய்த் தண்ணியில பளிச்சுனு கழுவிடுங்க சார்." கழுவினேன். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட இந்த இரண்டு மாவட்டங்களுக்காக 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான் எங்கள் தெருக் குழாயில் வருகிறது. மனிதர் குடிப்பதற்கென்று குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ரிங்குகளில் குடியேறப் பல வாரங்கள் பிடிக்கும். அந்தக் குடியைத்தான் பத்தே நிமிடத்தில் குளோரினால் கழுவி ஊற்றினேன். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுக்கிற பழைய நீரிலேயே ஒரு வாளியில் லேசாக அலசியிருந்தால் போதும் என்பதை எனக்குச் சொல்ல ஒருவருமில்லை. போதாக்குறைக்கு, தொட்டியில் பாதிக்குமேல் எங்கள் போர்வெல்லின் காரத்தன்மை மிகுந்த கடின நீர். காரத்தன்மை கூடக்கூட அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சாகிறது. நான்காம் நாள் காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. மாலைக்குள் ஏழும் மிதந்தன.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து மிச்ச பாக்டீரியாவும் செத்துப்போகலாம் என்பதும், மின்சாரம் வந்தவுடன் அந்த நாறிய நீரை அப்படியே தொட்டிக்குள் விடக்கூடாது என்பதும் தனிக்கதை. அதையும் எந்தக் கடையும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டேன். "உங்க தண்ணி மீனுக்குச் சேரல சார்" என்றார் அதே தம்பி. பாக்டீரியா பாட்டில் ஒன்றையும் என் பக்கம் நகர்த்தினார். அவர் கை அப்போதும் வேலையாகத்தான் இருந்தது. மகளோடு வந்திருந்த ஒருவருக்காகப் புதிய கேனிஸ்டரில், பஞ்சை அடியிலும் ஸ்பாஞ்சை மேலேயும் அடுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கமுடியாமல், "தம்பி, இதில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். அவர் மூடியின்மேல் இருந்த இரண்டு குழாய் வாய்களையும் விரலால் தட்டிக் காட்டிவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடி சொன்னார்: "பைப்பே மேலதானே சார் இருக்கு?"