கார்த்திகையில் வந்து அளந்தார்களா?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எதுவானாலும், கையில் கிடைத்தவுடன் நான் தேடுவது ஒரே ஒரு பக்கத்தைத்தான். எந்த மாதங்களில் வந்து அளந்தார்கள்? காற்று, நீர், மண், மீன் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பருவத்துத் தரவு, அதாவது மூன்று மாதக் கணக்கு இருந்தால் போதும், மழைக்காலத்தை விட்டுவிடலாம் என்பது பல திட்டங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ராஜஸ்தானுக்கு அது சரிப்படலாம். கொசஸ்தலையாறு கடலைச் சேரும் இடத்துக்கு?

சென்னைக்கு வடக்கே, அந்த ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் சரக்கு கையாளும் துறைமுகத்தை 32 கோடி டன்னுக்குப் பெருக்கும் திட்டம் அது. கேட்கும் பரப்பு 6,100 ஏக்கருக்கு மேல். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் இன்னும் நிலமாகவே இல்லை. கடலைத் தூர்த்துத்தான் எடுக்க வேண்டும். பங்குனியில் அங்கே போய் நின்றால் உப்பங்கழி சாதுவாகக் கிடக்கும். கார்த்திகையில் பூண்டி ஏரியின் மதகைக் கொசஸ்தலையாற்றில் திறந்த பிறகு போய்ப் பாருங்கள், அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும். 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர்க் கழியில் எண்ணெய் கலந்து, வெள்ளத்தோடு வீட்டுச் சுவர்கள் வரை ஏறிப் படிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மணல் சங்கதியும் இப்படித்தான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் ஊருக்குள் வரும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் அந்த மணலுக்கு ராயபுரம் பக்கம் கொடுத்த விலையை நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு.

அங்கே இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பனையோலைப் பறியை வாயால் கவ்வியிருப்பார்கள். அகப்பட்ட இறால் நேராகப் பறிக்குள் போகும். படகு கிடையாது, வலை கிடையாது, ஏலக்கூடத்தில் பெயரும் கிடையாது. படகையும் வலையையும் எண்ணுகிற படிவத்தில் இவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்?

வேறொரு திட்டத்தின் அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்த அனுபவம் எனக்கு உண்டு. பீரோ சாவி வைத்திருந்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ஆங்கில அறிக்கை செங்கல் கனம். தமிழில் இருந்தது அதன் சுருக்கம் மட்டும், கல்யாணப் பத்திரிகையைவிடக் கொஞ்சம் தடிமன். அதில் பாதி வாக்கியங்களுக்கு எழுவாயையே காணவில்லை. குற்றம் சொல்லவும் முடியாது; இந்த மதிப்பீட்டுக்கு விதி வகுக்கும் மத்திய அரசின் 2006 அறிவிக்கை உள்ளூர் மொழியில் கேட்பது சுருக்கத்தைத்தான். முழு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் திட்டக்காரரே. மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் பார்த்த பொருத்தம் எப்படி இருக்கும்?

துறைமுகமே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். என் தம்பி வீட்டில் அடுப்பெரிவது ஒரு துறைமுகச் சம்பளத்தில்தான். ஆனால் அவனும் கழிக்கரையில்தான் குடியிருக்கிறான்.

காட்டுப்பள்ளிக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் ஒருமுறை தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் இன்னொரு முறை தள்ளிப்போனது. மறுபடி தேதி குறித்தால், போகிறவர்கள் மைக்கைப் பிடித்து முதலில் மாதத்தைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அதில் இல்லையென்றால், அந்தச் செங்கல்லை எடுத்துக்கொண்டு அடைமழையில் ஒருமுறை வரச் சொல்லுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடி மீதியைப் பேசிக்கொள்ளலாம்.