பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது

"தங்க நாணயம் எவ்வளவு பழசோ அவ்வளவு விலை, விற்கும் முன் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு, தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம்.

1917-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சவரன் என்ற தங்க நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே அச்சிட்டாலும் அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான். அதன் ஒரு பக்கத்தில் உள்ள குதிரையின் காலடியில், ஆண்டுக்குச் சற்று மேலே, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடியாக S இருந்தால் அச்சிட்ட ஊர் சிட்னி, P இருந்தால் பெர்த். இவை தாராளமாகக் கிடைப்பதால் பெரும்பாலும் தங்கத்தின் அன்றைய விலையோடுதான் ஏறி இறங்கும். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். அது மிக அரிது, விலையே வேறு. (போலிகளும் அதில்தான் அதிகம், சோதிக்காமல் வாங்காதீர்கள்.)

1933-இன் அமெரிக்க இருபது டாலர் நாணயம் இன்னும் சுவாரசியம். தங்கம் சுமார் 30 கிராம். அச்சிட்டதில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். அதில் தப்பிய ஒன்று 2021-இல் சுமார் 1.89 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஆயிரம் ஆண்டு மூத்த பைசாந்திய (பழைய கிழக்கு ரோமப் பேரரசின்) தங்கக் காசுகள் பல அதன் பக்கத்தில்கூட வராது.

தேய்ப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். துணி போட்ட மெல்லிய கீறல்களைச் சேகரிப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். போன மேற்பரப்பு திரும்பாது.