கிராம்பு எண்ணெய்க்குக் களை எது, ரோஜா எது என்று தெரியாது

செடியின் சாற்றை உறிஞ்சும் செம்பேனுக்கு வாசனை எண்ணெய் தெளிக்கச் சொல்லும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. "இயற்கையானது, எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம்" என்று கூடவே ஒரு வரி. எண்ணெய் வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இரண்டாவது பாதியைத்தான் ஏற்க முடியவில்லை.

கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால், கிராம்பின் வாசனைக்குக் காரணமான பொருள். அதே எண்ணெயைக் களைக்கொல்லியாகவும் விற்கிறார்கள். அளவு கூடினால் ரோஜா இலையும் கருகத்தான் செய்யும். பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதுபோன்ற பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் கொஞ்சம் உடம்பில் பட்டாலே நடுக்கம், தள்ளாட்டம் வந்துவிடலாம்.

சரி, ஒழுங்காகப் பயன்படுத்தினால் எப்படி இருக்கும்? தேனீ வளர்ப்பவர்களைப் பாருங்கள். தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணிக்கு அவர்கள் தைமால் வைக்கிறார்கள். ஓமத்தின் காரமான வாசனைக்குக் காரணமான அதே பொருள்தான். அது ஆவியாகிப் பெட்டி முழுக்கப் பரவினால்தான் பலன். குளிர் அதிகமென்றால் ஆவியாகாது. வெயில் அதிகமென்றால் நெடி தாங்காமல் தேனீக்களே வெளியேறிவிடலாம். தேனீப் புழு வளரும் மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியை ஆவி எட்டாது என்பதால், வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். தேன் எடுக்கும் அடுக்கு மேலே இருக்கும்போது வைக்கவே கூடாது, தேனில் வாசனை ஏறிவிடும். இவ்வளவும் மருந்தின் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

செடிக்கு விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் செடியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. தைம் என்ற மூலிகைச் செடியின் எண்ணெய் என்றால் எந்த தைம்? ஒரு வகையில் தைமால் நிறைய இருக்கும், இன்னொன்றில் லினலூல் என்ற வேறு வாசனைப் பொருள்தான் அதிகம். இரண்டுக்கும் ஒரே பலனை எதிர்பார்க்க முடியுமா? (வேப்பெண்ணெயையும் வாசனை எண்ணெய்க் கணக்கில் சேர்க்கிறார்கள். அது விதையை ஆட்டி எடுப்பது, இப்படி ஆவியாகிப் போகாது.)

அப்புறம், ஒருமுறை அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று கைவிடுபவர்கள். செம்பேன் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். எண்ணெய் அதன்மேல் பட்டாக வேண்டும். முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். நல்ல வெயில் காலத்தில் முட்டை ஒரு வாரத்திலேயே வளர்ந்த பேனாகிவிடும், எண்ணெயோ அதற்கு வெகு முன்பே ஆவியாகிப் போயிருக்கும். சில நாள் இடைவெளியில் திரும்பத் தெளிக்கத்தான் வேண்டும், அதுவும் முதலில் ஓரிரு இலைகளில் சோதித்துப் பார்த்துவிட்டு. செம்பேனைத் தின்னும் நல்ல பேன்களை வாங்கி விட்டிருப்பவர்கள் தெளிப்பதற்கு முன் யோசியுங்கள். எண்ணெய் மேலே பட்டால் அவையும் சாகும்.